ஆறாம் நம்பர் கிரீன்

குப்புராஜ் பெண் பார்க்கப் போன கதையை அவன் அண்ணன் அப்பாதுரை சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கும். பாதி கோபத்தில், பாதி சிரிப்பில்.

குன்றத்தூரில் பெண் வீடு. நல்ல இடம். குப்புராஜுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கூடத்தில் உட்காரவைத்து, கேசரியும் பஜ்ஜியும் கொடுத்துவிட்டு, பெண்ணை அழைத்துவர உள்ளே போயிருந்தார்கள். குப்புராஜ் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தட்டைக் கீழே வைத்தான். "தோ வந்துட்றேண்ணா" என்று அண்ணன் காதில் சொல்லிவிட்டு எழுந்து போனான். பாத்ரூம் போகிறான் என்று அப்பாதுரை நினைத்துக்கொண்டார். பெண் வந்தாள், நின்றாள், காபி ஆறி ஆடை கட்டியது. மாப்பிள்ளை வரவில்லை. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு, முடிச்சூருக்கு அப்பால் தான் வேலை பார்க்கும் கோல்ஃப் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். அன்று காலையில்தான் அங்கே புல்லுக்குப் பூஞ்சாண மருந்து அடித்திருந்தார்கள். மழை பெய்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். தார்ப்பாய் இழுத்துப் போட்டு அவன் மூடி முடித்தபோது மேகம் கலைந்து பளீரென்று வெயில் அடித்தது.

"ஒரு சொட்டு பெய்யலடா பாவி, ஒரு சொட்டு!" என்று அப்பாதுரை இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார்.

அதற்குப் பிறகும் சில இடங்கள் பார்த்தார்கள். "பையன் எங்க வேல?" என்று கேட்பார்கள். "கோல்ஃப் கிளப்புல" என்றதும் முகம் மலரும். "என்னவா இருக்காரு?" என்பது அடுத்த கேள்வி. "புல்லு பாத்துக்கறாரு" என்றதும் பேச்சு வெயில் பக்கம், மழை பக்கம் திரும்பிவிடும். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

சோற்றுக்குக் கவலையில்லாத குடும்பம்தான். அப்பா காலத்து நெல்வயல் மனைகளாகி, மனைகள் கடைகளாகி, இப்போது அப்பாதுரை முடிச்சூர் சாலையில் கடைகளை வாடகைக்கு விட்டு, மனை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். தம்பியையும் ஆபீசில் வந்து உட்காரச் சொன்னார். குப்புராஜ் ஒரு மாதம் உட்கார்ந்தான். நாற்காலியில் அவனுக்குக் கால் மரத்துப்போயிற்று. திரும்பவும் புல்லுக்கே போய்விட்டான்.

புல் என்றால் சும்மா புல் இல்லை. கோல்ஃப் மைதானத்தில் கொடி நட்ட குழி ஒன்று இருக்கும். பந்து கடைசியில் அதில்தான் விழ வேண்டும். அந்தக் குழியைச் சுற்றிப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மழமழவென்று ஒரு புல்தரை. அதைத்தான் கிரீன் என்பார்கள். அந்தப் புல்லின் உயரம் ஓர் அரிசியின் நீளம்கூட இருக்காது. பெயர் என்னவோ வெளிநாட்டுப் பெயர். ஆனால் நம்மூர் அருகம்புல்லுக்குப் பங்காளிதான். மைதானத்தில் அப்படி ஒன்பது கிரீன்கள். மற்ற எட்டையும் எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் நம்பரை மட்டும் குப்புராஜ் யாரிடமும் விட்டதில்லை.

கிளப் தொடங்கிய காலத்தில் பக்கத்தில் ஒரு குளம் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டின் தலையில் ஆறாம் நம்பரை வைத்தார்கள். நாலு பக்கமும் காற்று. தூரத்தில் ரயில் ஓசை. தாம்பரத்து விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தலைக்கு மேல் வட்டமடிக்கும். குப்புராஜ் விடிந்ததும் வந்து, நீளக் கழி ஒன்றைப் புல்லின்மேல் தடவி இழுத்துப் பனியை உதறிவிடுவான். பனி தங்கினால் பூஞ்சாணம் பிடிக்கும். பிறகு மெஷினைத் தள்ளிக்கொண்டு போவான். நேற்று கிழக்கு மேற்காக வெட்டியிருந்தால் இன்று வடக்கு தெற்காக. ஒரே வாட்டமாக வெட்டினால் புல் ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். வெட்டி முடித்ததும் முழங்காலிட்டு, நடுவே கோரை ஏதும் தலைநீட்டுகிறதா என்று கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்ப்பான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் தொழுகிறான் என்று தோன்றும்.

செருப்போடு யாரும் ஏறக்கூடாது. ஆடுகிறவர்களின் ஷூவுக்கு மட்டும் அனுமதி. அதுவும் காலை இழுத்து நடக்கக்கூடாது. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற தனசேகர் என்ற மெம்பர், ஒரு நாள் பந்து குழியில் விழாத எரிச்சலில் காலைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். "சார், கால தூக்கி வெச்சி நடங்க சார்" என்றான் குப்புராஜ். அவர் வாழ்நாளில் எத்தனையோ பேரை அதட்டியவர். அன்று மறுபேச்சில்லாமல் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து இறங்கிப் போனார்.

அந்த டிசம்பரில் புயல் வந்தபோது குப்புராஜுக்கு நாற்பத்தாறு வயது.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ரயில் நின்றது, கரண்ட் போயிற்று. குப்புராஜ் வீட்டுக்குப் போகாமல் பம்ப் ஷெட்டிலேயே தங்கிவிட்டான். டீசல் மோட்டாரை ஓட்டி, கிரீன்களில் தேங்கும் தண்ணீரை இறைத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் பொழுது விடிந்து பார்த்தபோது மோட்டாரே தண்ணீருக்குள் கிடந்தது. ஏரி உடைந்ததா, ஆறு கரை வழிந்ததா தெரியவில்லை; மைதானம் முழுக்கக் காபி நிறத்தில் தண்ணீர். எட்டுக் கிரீன்களைக் காணோம். கொடிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நனைந்த துணியாய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஆறாம் நம்பர் ஒன்றுதான் தலை முழுகாமல் நின்றது.

குப்புராஜ் நீந்தாத குறையாக அங்கே போய், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மேலே ஏறி நின்றான். 'நீயாச்சும் தப்பிச்சியே' என்று அவனுக்கு ஓர் ஆறுதல்.

அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான் நீடித்தது. பொன்னியம்மன் நகர் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் தொப்பென்று தண்ணீரில் சாய்ந்தது. அந்தப் பிளவு வழியாக ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டிக்கொண்டு அல்ல, இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சீட்டில் ஒரு கிழவர், இரண்டு கைகளாலும் ஒரு நீலப் பெட்டியை அணைத்துக்கொண்டு. அவள் நேரே மேட்டைப் பார்த்து வந்தாள்.

"யம்மா! ஏய்! வண்டிய மேல ஏத்தாதம்மா!" குப்புராஜ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான். "அது கிரீனு!"

அவள் நின்றாள். முகத்தில் ஒட்டிய முடியை விலக்கினாள்.

"இன்னாது?"

"கிரீனும்மா! கிரீனு!"

"யோவ், தண்ணி மேல மேல ஏறிகினு கீது. எங்கப்பனுக்கு முட்டி மடங்காது. நீ இன்னாடான்னா மேல நின்னுகினு கலர் சொல்லினு கீற! எறங்கி வா, வந்து ஒரு கை புடி!"

எப்படி இறங்கினான், எப்போது வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்தான் என்று குப்புராஜுக்கே நினைவில்லை. சரிவில் சக்கரம் வழுக்கிச் சுழன்றது. புல் பாளம் பாளமாகப் பிய்ந்து வருவது அவன் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான்.

அவளுக்குப் பின்னால் நகரே வந்துகொண்டிருந்தது. தலையில் மூட்டை, தோளில் பிள்ளை, கையில் ஆட்டுக்கயிறு. ஒருவர் டிவியைத் தலையில் வைத்திருந்தார். குப்புராஜுக்குச் சட்டென்று குளத்தின் நினைவு வந்தது. மேட்டுக்கு இடப்பக்கம் அந்தக் குளம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது. கரை எது, ஆழம் எது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கால் வைத்தால் ஆள் போய்விடும்.

"எல்லாம் அப்டியே நில்லுங்க! அந்தப் பக்கம் குளம் கீது!" என்று கத்தினான். பக்கத்துக் கிரீனின் கொடியைப் பிடுங்கிக் குளக்கரையில் ஊன்றினான். பனி தட்டுகிற கழியின் ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு மறு நுனியை அவர்களிடம் நீட்டினான். ஒவ்வொருவராக அதைப் பற்றிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் ஒரு பசுமாடு, கழியெல்லாம் தேவையில்லை என்பதுபோல் தானே நடந்து வந்து ஆறாம் நம்பரின் நடுவில் சாணி போட்டது.

மதியத்துக்குள் மேட்டில் கால் வைக்க இடமில்லை. குப்புராஜ் கிரீனை மூடும் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து கூரை கட்டினான். பிள்ளைகள் பசி என்று அழத் தொடங்கியதும், ஸ்கூட்டர்க்காரி யாரோ தூக்கி வந்த கேஸ் அடுப்பை இழுத்து நடுவில் வைத்தாள்.

"அடுப்ப ஓரமா வெச்சிக்கலாமேம்மா" என்றான் குப்புராஜ், மெதுவாக.

"ஓரத்துல காத்து அடிக்குது, பத்த வெச்சா நிக்காது."

"அப்ப இரு." தண்ணீரில் இறங்கிப் போய், ஷெட்டிலிருந்து ஒரு தகரம் கொண்டுவந்து அடியில் போட்டான். அவள் அவனையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நீலப் பெட்டியில் இருந்தது கருவாடு. அவள் பெயர் துர்கா. கோவளத்து மீனவக் குடும்பம். இந்தப் பக்கத்து டிரைவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் விபத்தில் போன பிறகு மீன் விற்று அப்பாவையும் தன்னையும் பார்த்துக்கொண்டாள். புயல் எச்சரிக்கையில் படகுகள் கடலுக்குப் போகாததால் கருவாடாவது விற்கலாம் என்று வாங்கி வைத்திருந்தாள். யாரோ கொண்டுவந்த அரிசியில் கஞ்சி வைத்து, இருந்த புளியைக் கரைத்து, அவ்வளவு கருவாட்டையும் குழம்பாக்கிவிட்டாள். மழைச்சாரலில் அந்த வாசனை மேடு முழுக்கப் பரவியது.

அவள் அப்பா ரங்கன் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து, நாலாப்பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டி போச்சின்னு கடல வுட்டு வந்தேன் தம்பி" என்றார் குப்புராஜிடம். "அது பின்னாலயே தேடிகினு வந்துட்டுது பாரு."

குப்புராஜ் நெடுநாளைக்குப் பிறகு அன்று வாய்விட்டுச் சிரித்தான்.

மறுநாள் படகுகள் வந்தன. போகும்போது பெண்கள் எல்லாரும் "உனக்குப் புண்ணியம்ண்ணா" என்று கும்பிட்டார்கள். துர்காவின் வண்டி மட்டும் கிளம்பவில்லை. "இங்கியே கெடக்கட்டும். பாத்துக்க" என்று சாவியை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாரும் அண்ணா என்றபோது அவள் ஒருத்தி அண்ணா என்று சொல்லவில்லை. அது அவனுக்கு அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போதுதான் உறைத்தது.

தண்ணீர் வடிந்தது. மூழ்கிக் கிடந்த எட்டுக் கிரீன்களும் சேற்றைக் கழுவிவிட்டதும் மூச்சுவிட ஆரம்பித்தன. தப்பித்த ஆறாம் நம்பரைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மிதித்துக் கூழாகி, குளம்படிகளில் தண்ணீர் தேங்கி, ஸ்கூட்டர் ஏறிய தடம் வாய்க்கால் மாதிரி ஓடி, தகரத்தின் சூட்டில் நடுவே ஒரு கருவட்டம்.

மைதானத்தின் மேற்பார்வையாளர் பக்தவச்சலம் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். விவசாயக் கல்லூரியில் படித்தவர். புல் விஷயத்தில் குப்புராஜ் உலகத்திலேயே பயப்படுகிற ஒரே ஆள்.

"நான்தான் சார் எல்லாரையும் ஏத்துனேன்" என்றான் குப்புராஜ். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பக்தவச்சலம் மேட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். குளக்கரையில் ஊன்றியிருந்த கொடியைப் பார்த்தார்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? புல்லுதானே குப்பு. வளரும்."

'புல்லுதானே' என்ற வார்த்தையை வேறு யார் சொல்லியிருந்தாலும் குப்புராஜ் சண்டைக்குப் போயிருப்பான். அன்று அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கமிட்டியில் எல்லாரும் அப்படி இல்லை. ஒரு மெம்பர், "ரோட்டுல பள்ளிக்கூடம் இருந்துச்சே, அங்க அனுப்பியிருக்கலாமே" என்றார். தனசேகர் எழுந்து, "ரோடே அன்னைக்கு எங்க இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பேச்சு அங்கேயும் இங்கேயும் போய், கடைசியில் ஆறாம் நம்பரை மூடிவைத்துப் புதிதாகப் புல் பதிப்பதென்று முடிவாயிற்று. பள்ளிக்கூடப் பேச்சை எடுத்த மெம்பர் கோபித்துக்கொண்டு வேறு கிளப்புக்குப் போய்விட்டார்.

துர்கா வண்டி எடுக்க வந்த அன்று குப்புராஜ் சேற்றில் குந்தி, கருவட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மேட்டுக்குக் கீழேயே அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"இன்னா புல்லுக்காரரே, எழவு வூட்ல குந்திகினு கீற மாதிரி கீற?"

அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"இந்தக் கோடு?"

"உன் வண்டி."

"இந்தக் கருப்பு?"

"உன் அடுப்பு."

"எல்லாம் நாந்தானா!" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "இத சரி பண்ண ஆளு வோணுமா?" என்று கேட்டாள்.

ஆள் வேண்டித்தான் இருந்தது. கிளப் கூலிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. பொங்கல் கழிந்ததும் பொன்னியம்மன் நகர்ப் பெண்கள் வந்தார்கள். துர்காவும் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, கையில் மீன் வாசனையோடு மதியத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். மேல்மண்ணை வழித்து எடுத்து, மணல் பரப்பி, மட்டம் பிடித்தார்கள். பிறகு நாற்றங்காலில் இருந்து புல்லைக் கொடியாகப் பிடுங்கி, கணு கணுவாக நறுக்கி, மணலின்மேல் தூவி, உருளையால் அழுத்த வேண்டும். எங்கும் அடர்த்தியும் வேண்டாம், எங்கும் வெறிச்சென்றும் இருக்கக்கூடாது. பக்தவச்சலம் தூவிக் காட்டினார். பெண்களுக்குக் கை வரவில்லை. ஒரு இடத்தில் குவிந்தது, ஒரு இடத்தில் வெளுத்தது.

"கருவாட்டுக்கு உப்பு தூவுற மாதிரி தூவுங்கடி, அவ்ளோதான்" என்றாள் துர்கா. அதற்குப் பிறகு சரியாக வந்தது.

கணுவில் முளை விட்டது. முளை கை நீட்டிப் பக்கத்து முளையைத் தொட்டது. மாசி பிறந்தபோது மணல் தெரியாத அளவுக்குப் பச்சை படர்ந்தது. அதற்குள் குப்புராஜுக்குப் பொன்னியம்மன் நகரில் துர்கா வீட்டில் சாப்பிடுகிற வழக்கம் வந்திருந்தது. முதலில் வண்டியில் ஒரு போல்ட் முடுக்கப் போனான். அப்புறம் ரங்கனுக்கு முட்டித் தைலம் கொடுக்கப் போனான். அப்புறம் காரணம் தேடுவதை விட்டுவிட்டான்.

ஒரு நாள் துர்கா, "எப்பத்தான் அது பழைய மாதிரி மழமழன்னு ஆவும்?" என்று கேட்டாள். "அடுத்த வாரம் வந்து பாரு" என்று சொல்லிவிட்டான். சொல்லியிருக்கக்கூடாது. புல் இன்னும் வேர் பிடிக்கவில்லை. தெரிந்தும், மெஷினின் கத்தியை இறக்கி ஒட்ட வெட்டிவிட்டான். வெட்டிய அன்று கண்ணாடி மாதிரிதான் இருந்தது. துர்கா வந்து பார்த்தபோது பாதிக் கிரீன் மஞ்சளாகி, வைக்கோல் விரித்தாற்போல் கிடந்தது.

பக்தவச்சலம் அப்படிக் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "இருபத்து நாலு வருஷ சர்வீஸ் உனக்கு! நேத்து வந்த ஆளு பண்ற காரியமா இது? என்ன அவசரம்? யாருக்குக் காட்டணும்?"

குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பக்தவச்சலத்தின் பார்வை அவனைத் தாண்டி, சரிவில் நின்றுகொண்டிருந்த துர்காவின்மேல் பட்டது. அவர் குரல் தானாகத் தணிந்தது. "சரி, சரி. மஞ்சளான இடத்துல மட்டும் மறுபடி தூவு. சித்திரை முடியற வரைக்கும் அந்த மெஷின நீ தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"எனக்குக் காட்றதுக்கா வெட்டுன?" என்றாள் துர்கா. அவன் குனிந்து மஞ்சள் புல்லைக் கிள்ளினான். "பைத்தியம்" என்றாள் அவள். அது திட்டு மாதிரி இல்லை.

பேச்சை எடுத்தது ரங்கன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரா மீன் குழம்பு. குப்புராஜ் இரண்டாம் முறை சோறு வாங்கியிருந்தான்.

"தம்பி, நீ மீனு துன்ன வர்றியா, எம் பொண்ணப் பாக்க வர்றியா?"

குப்புராஜுக்கு முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டுத்துக்குந்தான்" என்றான்.

"என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல இல்ல ரெண்டு பேருக்கும்?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பிறகு துர்காவே கரண்டியோடு வந்து கதவில் சாய்ந்தாள். "உங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லி வெச்சிகீறாரு. வானம் கறுத்தா எழுந்து ஓடிருவியாமே?"

"ஓடுவேன்" என்றான் குப்புராஜ். பொய் சொல்ல அவனுக்கு வராது. "ஆனா திரும்பி வந்துருவேன்."

துர்கா அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அதுதான் அவள் சம்மதம்.

அண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பாதுரை கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கடைச் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். "புருஷன பறிகுடுத்தவ. அதுவும் கடலோரத்து ஆளுங்க. நம்ம சாதிசனம் இன்னா பேசும்னு யோசிச்சியா?"

குப்புராஜ் அண்ணனை எதிர்த்துப் பேசியவன் இல்லை. "பதினாலு வருஷமா எனக்கு ஒருத்தரும் பொண்ணு குடுக்கலண்ணா" என்றான். "அப்ப இந்தச் சாதிசனம் எங்க இருந்துது?"

அப்பாதுரை பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்தப் பேச்சு நிறுத்தம் ஆவணி வரைக்கும் நீடித்தது. ஒரே வீட்டில் மேலும் கீழும் இருந்துகொண்டு, அண்ணியின் மூலமாகவே "கரண்டு பில்லு கட்டியாச்சான்னு கேளு", "கட்டியாச்சின்னு சொல்லுங்க" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆவணியில் குன்றத்தூர் முருகன் கோயிலில் கல்யாணம். பக்தவச்சலம் வந்தார், தனசேகர் வந்தார், பொன்னியம்மன் நகரே ஆட்டோ பிடித்து வந்தது. ரங்கனை இரண்டு பேர் நாற்காலியில் வைத்து மலையேற்றினார்கள். தாலி கட்டி முடித்து, மாலை மாற்றிக்கொண்டு நிற்கையில், படியேறி இரைக்க இரைக்க அப்பாதுரை வந்து சேர்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்த் தம்பி தலையில் அட்சதையைப் போட்டார். "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி" என்று தொடங்கியவர் பாதியில் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி காலில் விழுந்தான். துர்காவும் விழுந்தாள். அவளிடம் அப்பாதுரை நேராகப் பேசியது தீபாவளிக்குத்தான். அவள் கொடுத்தனுப்பிய வஞ்சிர மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே நின்று, "கொழம்புல உப்பு சரியா இருந்துது" என்றார்.

ஆறாம் நம்பர் ஐப்பசிக்கு முன்பே திறந்தாயிற்று. நன்றாகத்தான் வந்திருந்தது. அடுப்பு இருந்த இடத்தில் மட்டும் எவ்வளவு மணல் கொட்டியும் ஒரு சின்னப் பள்ளம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போகும் பந்து லேசாக இடப்பக்கம் திரும்பும். புதிதாக ஆட வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். மெம்பர்கள் அதை ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டார்கள். சரிசெய்யலாமா என்று குப்புராஜ் கேட்டதற்கு, "விடு குப்பு, கிரீன்னா கொஞ்சம் குசும்பு இருக்கணும்" என்றார் பக்தவச்சலம்.

இப்போது வீட்டில் முதலில் எழுவது துர்கா. அவள் மீன் எடுக்கக் கிளம்பும் சத்தத்தில் குப்புராஜ் எழுந்து, வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தானும் கிளம்புவான். மதியம்தான் இருவரும் சேர்ந்து சாப்பிடுவது. ரங்கன் சாயந்திரங்களில் குளக்கரையில் தூண்டில் போட அனுமதி கேட்டு, பக்தவச்சலத்திடம் இரண்டு முறை மனுச் செய்து, இரண்டு முறையும் தோற்றுவிட்டார்.

பொங்கலுக்குப் பிறகு வருடா வருடம் ஒரு நாள், கிளப்பில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் ஆடலாம். இந்த வருடம் துர்கா வந்தாள். வெறுங்காலோடு புல்லின்மேல் நின்று, மட்டையைத் துடைப்பம் பிடிப்பது போலப் பிடித்தாள். குப்புராஜ் பிடியைத் திருத்தினான்.

"ஏன்யா" என்றாள் அவள், குழியைப் பார்த்துக்கொண்டே. "இம்மாம் பாடுபட்டு வளக்கறீங்களே. எல்லாம் இத்தினூண்டு ஓட்டைல ஒரு உருண்ட வுழறதுக்கா?"

"ஆமா."

"நல்லாத்தான் கீது போ" என்று சொல்லி ஓங்கி அடித்தாள். பந்து குழியைத் தாண்டி, கிரீனைத் தாண்டி, சரிவில் உருண்டு, 'ப்ளக்' என்று குளத்தில் விழுந்தது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஓரத்தில் நாற்காலியில் இருந்த ரங்கன், "வல வீசறியா நீ? மெதுவாடி!" என்று கத்தினார்.

இரண்டாவது பந்து பாதி வழியில் நின்றது. மூன்றாவது மெதுவாக, தயங்கித் தயங்கி உருண்டு போய், குழியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. துர்கா மட்டையைக் கீழே போட்டாள். போய் முழங்காலிட்டு, கன்னம் புல்லில் படக் குனிந்து, பந்தை ஃபூ என்று ஊதினாள். விழுந்தது.

அது ஆட்டத்தில் சேராது என்றார் தனசேகர். ஏன் சேராது, காத்து அடிச்சா வுழாதா என்று ரங்கன் சண்டைக்கு வந்தார். குப்புராஜ் குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, பெண்டாட்டியிடம் கொடுத்தான்.